உலை வைக்கச் சொன்ன எஞ்சின்

முள்ளித்துறையில் எஞ்சினுக்குத் தலை சீவிய வருசம் அது. தலை சீவுவது என்றால் சீப்பால் இல்லை, லேத்துப் பட்டறையில். வள்ளத்து எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி, தூத்துக்குடிக்குக் கொண்டுபோய், ஒரு காகித கனத்துக்குச் சீவி எடுத்துத் திரும்ப மாட்டினால், உள்ளே இடம் குறுகி, வெடி பலமாகி, ஒன்பது குதிரை இழுக்கிறதைப் பன்னிரண்டு குதிரை இழுக்கும் என்று மெக்கானிக் கஸ்பார் சொன்னான். அவன் பெண்டாட்டி எமரன்சி குழாயடியில், "கட்டிக்கிட்டு வந்து பதினாலு வருசம், எனக்கு ஒரு சீப்பு வாங்கித் தரல, எஞ்சினுக்குத் தலை சீவ பஸ் ஏறிப் போறாரு மனுசன்" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் கிடந்தது. மீன் தின்று வளர்ந்தவர்கள் ஆனதால் எங்கள் நாக்குக்கு அது உடனே தட்டுப்பட்டது.

எதற்கு இந்தச் சீவல் என்றால், மாதா திருவிழாவில் ஒன்பதாம் நாள் வள்ளப் போட்டி. கரையில் கிளம்பி, கடலுக்குள் அஞ்சு மைல் போய், ஆனைப்பார் என்கிற பாறைத் திட்டில் நட்ட மூங்கில் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த ஊர் ஜெயிக்கிறதோ அந்த ஊர் வள்ளத்தில்தான் பத்தாம் நாள் மாதா சுரூபம் கடல் பார்க்கப் போகும். கீழமணல்குடிக்காரர்கள் ஏழு வருசமாக விடாமல் ஜெயித்து, ஏழு வருசமாக எங்கள் கோயில் மாதாவை அவர்கள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "ஏழு வருசமா நம்ம மாதாவுக்கு முதுகு மட்டுந்தாம்ல இருக்கு நமக்கு" என்று தொபியாஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். தொபியாஸ்தான் எங்கள் ஊர்ப் போட்டி வள்ளத்தை ஓட்டுகிறவன். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவன் ஏறி உட்கார்ந்தால் வள்ளம் ஒரு தடவை பெருமூச்சு விட்டுத்தான் மிதக்கும்.

கஸ்பாரோ நூல் மாதிரி ஆள், ஆனால் எஞ்சினுக்கு அவனை விட்டால் வைத்தியன் இல்லை. ஸ்குரு திருகுகிற திருப்புளியின் முனையை எஞ்சின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த வளையத்துக்கு வலி என்று டாக்டர் குழாய் வைத்த மாதிரிச் சொல்லிவிடுவான். அவனுக்கு ஒரே ஒரு குறை, கடல் சேராது. கரையில் கட்டிப்போட்ட வள்ளத்தில் காலை வைத்தாலே முந்தாநாள் தின்றதையும் வெளியே எடுத்துவிடுவான். கடலுக்கு நாலு முழம் தள்ளி நாற்பது வருசம் வாழ்ந்து, ஒரு நாளும் கடலுக்குப் போகாத மனிதன் எங்கள் ஊரில் அவன் ஒருத்தன்தான். அதனால் எஞ்சினைச் சோதிக்கிறதெல்லாம் வீட்டு வாசலில்தான். ஒரு பெரிய தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை கட்டி, எஞ்சினை அதில் மாட்டி, விசிறி தண்ணீருக்குள் சுற்ற, ஊரே செவிடாகும்படி ஓட்டுவான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் நாங்கள் கடிகாரம் பார்த்து உலை வைக்கிறதில்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு குரல் உண்டு. ஒன்று இருமும், ஒன்று சளி கட்டின மாதிரிப் பேசும், ஒன்று மூக்கால் முனகும். என் வீட்டுக்காரர் எஞ்சின் ஏழாவது அடிக்கு ஒரு தடவை விக்கும். வள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் காதுக்கு வந்துவிடும், வந்ததும் அவளவள் எழுந்துபோய் உலை வைப்பாள், வள்ளம் கரை ஏறி, வலை உதறி, மனிதன் கால் கழுவி வாசலுக்கு வரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். கலியாணமாகி வருகிற பெண்ணுக்கு மாமியார் முதலில் காட்டிக் கொடுப்பது சாமான் இருக்கிற இடத்தை இல்லை, சத்தத்தைத்தான்.

சரி, கஸ்பார் தலை சீவிய எஞ்சினைக் கொண்டுவந்தான். புகை போகிற வழியை அரத்தால் அராவி வழவழவென்று ஆக்கினான், கார்பரேட்டர் ஜெட்டின் துளையை ஊசியால் ஒரு நூல் பெரிதாக்கினான், விசிறி இலைகளை வளைத்தான், நிமிர்த்தினான், திரும்ப வளைத்தான். எமரன்சி பன்னிரண்டு குடம் தண்ணீர் சுமந்து டிரம்மை நிரப்பினாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கயிற்றைச் சுண்டி எஞ்சினைக் கிளப்பினான். ஓட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. ஜெட் ஸ்குருவை அரைத் திருப்பு திருப்பினான், பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கால் திருப்பு பின்னால் வந்து, அதில் கால் முன்னால் போய், அப்புறம் திருப்புளி அசைந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியாத ஒரு மயிரிழை திருப்பினபோது, பிளக் பால் டீ நிறத்துக்கு வந்தது, சத்தமும் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு முள்ளித்துறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து உலை வைத்தோம்.

நான் ஏழாவது அடியின் விக்கலைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருசம் ஆகியிருந்தது, அவர் எஞ்சினைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்ப் பத்து வருசம் ஆகியிருந்தது, ஆனாலும் கை அரிசிப் பானைக்குள் போய்விட்டது, என்ன செய்ய. வெளியே வந்தால் தெருவில் சண்டை.

"எங்க வள்ளம் வந்துட்டு, நான் கரைக்குப் போறேன்."

"உனக்குக் காது அவிஞ்சு போச்சா மைனி? அது எங்க வள்ளம்லா? அந்த முனகல் கேக்கலையா உனக்கு?"

"முனகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா எங்க அவுக மாதிரி இருமுது."

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு கரைக்குப் போனால் கடல் துடைத்துப் போட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. சத்தம் பின்னால் இருந்து வந்தது. திரும்பி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, எல்லோரும் கஸ்பார் வீட்டு வாசலில் வந்து நின்றோம். என் ஓரகத்தி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, நம்ம அத்தனை பேரு புருசனும் இதுக்குள்ளதான் கெடக்கானுவ."

இதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எஞ்சின் அப்படித்தான், தலை சீவினால் குரல் மாறும் என்று ஆம்பிளைகளே சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இருந்த ஒரே கவலை சோறு. அன்றைக்குக் கடலுக்குப் போனவர்கள் ஒரு மணிக்குத் திரும்பியபோது வீட்டுக்கு வீடு சோறு குழைந்து களியாகிக் கிடந்தது. மறுநாள் கஸ்பார் ஒன்பது மணிக்கே எஞ்சினைக் கிளப்ப, ஒன்பது மணிக்கே ஊர் முழுக்க உலை கொதித்தது. மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எஞ்சினை ஊருக்கு வெளியே கொண்டுபோ என்று ஆம்பிளைகள் சொன்னார்கள், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று பெண்கள் சொன்னோம், இனிமேல் பகல் பன்னிரண்டரைக்கு மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கப்புறம் முள்ளித்துறையில் சாப்பாடு ஒரு நாளும் பிந்தவில்லை.

போகப் போகத்தான் தெரிந்தது, அது புருசன்மார் சத்தம் மட்டும் இல்லை, யார் யாருக்குக் காத்திருக்கிறோமோ அவர்கள் வருகிற சத்தம் என்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விடுகிற மணியாகக் கேட்டதால், வாத்தியார் பன்னிரண்டரைக்கு மணி அடிக்கிறதையே விட்டுவிட்டார். வளைகுடாவில் மகன் இருக்கிற ஒருத்தி அடுத்த ஊரிலிருந்து ஸ்டூல் எடுத்துக்கொண்டு வந்து டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, கால் மணி நேரம் விமான நிலையத்து டாக்சி வருகிறதைக் கேட்டுவிட்டு, முகம் மலர்ந்து போவாள். ஒரு குமரிப்பெண், பெயர் சொல்ல மாட்டேன், யாரையும் மனதில் நினைக்கவில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டதும் எழுந்து ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி அளந்ததை அவள் அம்மா பார்த்துவிட்டாள். அடுத்த மாசமே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பங்குச் சாமியார்தான் பாவம். "உங்களுக்கு என்ன சாமி கேக்குது?" என்று யாரோ கேட்க, அவரும் பொய் சொல்லத் தெரியாமல், "மாற்றல் உத்தரவு கொண்டுவருகிற தபால்காரர் சைக்கிள் மணி" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஊர்க்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அப்புறம் இரக்கப்பட்டு நாலு வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினார்கள், அதற்கப்புறம் சைக்கிள் மணி கொஞ்சம் தூரத்தில் கேட்பதாகச் சொன்னார்.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கேட்டது. எமரன்சிக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்கு என்ன கேக்குது?" என்று கஸ்பார் முதல் நாளே ஆசையாகக் கேட்டான்.

"டுர்ர்ருன்னு கேக்குது."

"அதில்ல, உள்ளுக்குள்ள?"

"உள்ளுக்குள்ளயும் டுர்ருதான்."

சொல்லிவிட்டு அவள் மீன் செதில் சுரண்டப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பெரிய விசயமாகப் படவில்லை. ஆனால் குழாயடிக்குப் பட்டது. ஊரில் எல்லோருக்கும் அவரவர் ஆள் வருவது கேட்கும்போது, செய்தவனின் பெண்டாட்டிக்கு மட்டும் வெறும் டுர்ரு என்றால், அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை என்றுதானே கணக்கு? இந்தப் பேச்சு சுற்றி வந்து கஸ்பார் காதிலும் விழுந்தது. அன்றோடு அவனுக்குப் போட்டி மறந்தது, கீழமணல்குடி மறந்தது, மாதா முதுகும் மறந்தது. எமரன்சி காதுக்கு ஒத்து வருகிற ஒரு சத்தம், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. தினமும் பன்னிரண்டரை ஆனதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு டிரம் முன்னால் உட்கார்ந்தான்.

"இப்பம்?"

"டுர்ரு."

"இப்பம்?"

"கொஞ்சம் பெரிய டுர்ரு."

"இது?"

"இது எரிச்சலா இருக்கு."

பிளக்கை மாற்றினான், புகைக்குழாயை நீட்டினான், குறைத்தான், மண்ணெண்ணெயில் எண்ணெயைக் கூட்டிக் கலந்தான். தொபியாஸ் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "கஸ்பாரு, எட்டு நாளுதாம்ல இருக்கு. வேகத்தைப் பாருன்னா நீ வீட்டுக்காரி காதைப் பாத்துக்கிட்டு இருக்க. ஆனைப்பாருக்கு அவளையா கட்டி ஓட்டப் போறேன்?"

"வேகம் கெடக்கட்டும் அண்ணாச்சி. ஊருக்கே கேக்கிற சத்தம் என் வீட்டுக்குள்ள கேக்கல."

கடைசியில் எமரன்சிக்கே பொறுமை போய்விட்டது. செதில் ஒட்டின கையோடு வெளியே வந்தாள். அவர்கள் வீடும் என் வீடும் சுவரோடு சுவர்; என் அடுக்களை சன்னலைத் திறந்தால் அவர்கள் வாசல்தான், அதனால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

"நான் ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. நீங்க எங்க போனீங்க, நான் காத்துக் கெடக்க? பதினாலு வருசமா காலையில எந்திரிச்சா நீங்க இந்த டிரம்மடியில நிக்கீங்க. சாயந்தரமும் இங்கதான் நிக்கீங்க. எதுத்த வீட்டுக்காரி புருசன் வாறாரான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பா. நான் இந்த ஆளு எப்பம் இந்த எடத்தை விட்டு நகருவாரு, வாசலைப் பெருக்கலாம்னு இருப்பேன். போன மனுசன் வந்தாத்தான் சத்தம். போகாத மனுசன் எந்தத் தெசையில இருந்துங்க வருவாரு?"

கஸ்பார் எஞ்சினை அணைத்தான். அவன் கடலைப் பார்த்தான், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் ஸ்குருவைப் பழைய மயிரிழைக்கே திருப்பச் சொல்லி, தொபியாஸ் எஞ்சினைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டுபோய் வள்ளத்தில் மாட்டிக் கடலில் ஓட்டிப் பார்த்தான். கரையை விட்டபோது வள்ளம் தண்ணீரைத் தொடாமல் போன மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு மைல் தாண்டினதும் ஆட்டத்தில் அந்த ஜெட் ஸ்குரு தானாகத் திரும்பி, மயிரிழை தப்பி, வேகமும் போய், சத்தமும் போய், வள்ளம் கிழட்டு எருமை மாதிரித் திரும்பி வந்தது. ஸ்குருவைக் கம்பி போட்டுக் கட்டினார்கள், ரப்பர் வைத்தார்கள், நகப்பாலிஷ் ஊற்றினார்கள், கோயில் மெழுகுவர்த்தியைக் கூட உருக்கி வார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. டிரம் தண்ணீரில் தங்கின ஸ்குரு கடல் தண்ணீரில் தங்க மாட்டேன் என்றது.

"ஒருத்தன் கூட உக்காந்து திருப்புளியாலே அதைப் பிடிச்சுக்கிட்டே வரணும்" என்றான் தொபியாஸ். "காது உள்ள ஒருத்தன்."

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தோம். அவன் அப்போதே வாயைப் பொத்திக்கொண்டான்.

போட்டி அன்றைக்குக் கரை கொள்ளாத கூட்டம். கீழமணல்குடிப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு, ஜெயித்த மாதிரியே வந்திருந்தார்கள். எல்லா ஊருக்கும் பொதுவாக, விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற துரைசிங்கம் சாரை வெளியூரிலிருந்து கூட்டிவந்து, முடிவுக் கோட்டில் கையில் கொடி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கஸ்பார் திருப்புளியைச் சிலுவை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினான். எமரன்சி தண்ணீரில் முழங்கால் வரைக்கும் இறங்கிப்போய், ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். கொடி அசைந்தது. ஊருக்கு ஒன்றாக வந்த பதினாலு வள்ளமும் கிளம்பி, இரைச்சலாகி, புள்ளியாகி, வெயில் மங்கலுக்குள் போய் மறைந்தன.

எமரன்சி என் பக்கத்தில் நின்றாள். முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டாள். அப்புறம் கால் பெருவிரலில் எழும்பினாள்.

"அக்கா, இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கூடுதலா அலையுதோ?"

கடல் எப்போதும் போலத்தான் கிடந்தது. "ஆமா, கொஞ்சம் கூடுதல்தான்" என்றேன் நான். இத்தனை வருசமாக நாங்கள் எல்லோரும் நின்ற நிலையில் அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக நிற்கிறாள். அதைப் போய்க் கெடுப்பானேன்?

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மங்கலுக்குள் இருந்து சத்தம் வந்தது. டிரம்முக்குள் அடைபட்டுக் கிடந்த சத்தம் இல்லை, திறந்த கடலில், கடல்காற்றில் ஏறி, இரண்டு மடங்காக வந்தது. எனக்கு ஏழாவது அடி விக்கியது. அதற்கப்புறம் கரையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன், எனக்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள், கீழமணல்குடிப் பெண்களும் ஓடினார்கள். அவர்கள் வீடு மூன்று மைல் தள்ளி இருந்ததால், கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்து, "அக்கா, அரிசி எங்க இருக்கு?" என்று கேட்டு உலை வைத்தார்கள். என் அடுப்பில் மட்டும் மூன்று பானை.

கரையில் நடந்ததைப் பிற்பாடு ஆம்பிளைகள் சொன்னார்கள். எங்கள் வள்ளமும் கீழமணல்குடி வள்ளமும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு, மங்கலைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கின்றன. கரைக்கு ஐம்பது பாகம் தூரம் இருக்கும்போது துரைசிங்கம் சார் சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். கல்யாணமாகிப் போன மகளை ஏற்றிக்கொண்டு வருகிற பஸ் அவருக்குக் கேட்டிருக்கிறது. கரையில் நின்ற மற்ற ஆம்பிளைகளும் ஆளுக்கொரு திசையில் திரும்பி நின்றார்கள். இரண்டு வள்ளமும் மணலில் வந்து ஏறினபோது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருத்தர்கூட இல்லை.

"நாங்கதான் சார் முதல்ல!"

"யோவ், எங்க மூக்குதான்யா முதல்ல மணலைத் தொட்டுது! சார், நீங்க சொல்லுங்க!"

"நான் பஸ்ஸைப் பாத்துட்டேன்பா" என்றார் துரைசிங்கம் சார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. பஸ் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்தது, மகளோடு.

சண்டை சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், சோறு வெந்த வாசம் வந்ததும் நின்றது. பசியோடு போடுகிற சண்டைக்கு ஆயுசு குறைவு. கடைசியில், இரண்டு வள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவில் பலகை போட்டு, அதன்மேல் மாதாவை ஏற்றுவது என்று முடிவாயிற்று. இன்றைக்கும் எங்கள் மாதா இரட்டை வள்ளத்தில்தான் கடல் பார்க்கப் போகிறாள், ஜெயித்தது யார் என்பது இன்றைக்கும் தீரவில்லை.

இந்தக் கூத்து எதையும் கஸ்பார் பார்க்கவில்லை. வள்ளத்திலிருந்து தவழ்ந்து இறங்கி, மணலில் கொஞ்ச நேரம் கவிழ்ந்து கிடந்து, தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்திருக்கிறான். ஒரு பெண்ணையும் காணோம். ஊர்க் கூரைகளுக்கு மேலெல்லாம் புகை. அவன் வீட்டுக் கூரைக்கு மேல் மட்டும் புகை இல்லை. அவன் வீட்டில் கேஸ் அடுப்பு. உலை வைத்தாலும் புகை வராது, வைக்காவிட்டாலும் வராது. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

வந்தான். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டை முழுக்க வாந்தி, தலையில் உப்பு, கையில் இன்னும் அந்தத் திருப்புளி. வாசற்கதவு சாத்தியிருந்தது. அவன் கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. திருப்புளியின் முனையைக் கதவுப் பலகையில் மெல்ல ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உள்ளே பானை மூடி டகடகவென்று ஆடுகிறது எனக்கே சுவர் வழியாகக் கேட்டது. அவனுக்கு அரிசி ஒவ்வொன்றும் புரண்டு படுக்கிறதே கேட்டிருக்கும். அப்படியே நின்றான், சோதித்த எஞ்சின் சரியாக வந்துவிட்டால் நிற்பானே, அந்த மாதிரி.

"வெளிய நின்னு என்ன வேவு பாக்கீங்க?" என்று உள்ளேயிருந்து எமரன்சி சத்தம் போட்டாள். "கால் கழுவிட்டு வாங்க. கொதி வந்தாச்சு."

கதவைத் திறந்துகொண்டு நின்றான். "உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? ஊர்க்காரிகளுக்கு இருமுச்சு, விக்குச்சு, முனகுச்சு. எனக்கு ஆனைப்பாருல இருந்து கரை வரைக்கும் ஓங்கரிச்சுக்கிட்டே வந்துச்சு. வேற எவ புருசன் எஞ்சின் வாந்தி எடுக்கும்?"

அவன் சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்தான். "எமரன்சி, இப்பம் எனக்கு ஒரு பருக்கை இறங்காது."

"இறங்கலன்னா போகட்டும்" என்றாள் அவள், தட்டை எடுத்து வைத்துக்கொண்டே. "காத்துக் கெடந்தது நான்லா. எனக்குத்தான் பசி. நான் சாப்பிடுதேன், நீங்க உக்காந்து பாருங்க."

அவன் உட்கார்ந்து பார்த்தான்.